ஆண்டுதோறும் லேவியராகமத்தில் நின்றுபோகிறவருக்கு

ஒரே ஆண்டில் வேதாகமத்தை முழுவதும் வாசித்து முடிக்கும் திட்டங்களில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே சில விவரங்களும் தந்திருக்கிறீர்கள். கடலூர் முதுநகரில் வீடு, சிப்காட்டில் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட் வேலை. நீங்கள் லுத்தரன் சபை, மனைவி புதுச்சேரியின் கத்தோலிக்கக் குடும்பம், ஐந்தாம் வகுப்பில் ஒரு மகள். மூன்று ஆண்டுகளாக ஜனவரி முதல் தேதி தொடங்குகிறீர்கள், பிப்ரவரி முடிவதற்குள் நின்றுவிடுகிறது, விட்டுப்போன நாட்களைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று: வாசிப்பு ஏன் நிற்கிறது, நின்ற பிறகு எப்படித் திரும்புவது, இரண்டு சபையைச் சேர்ந்தவர்கள் ஒரே வீட்டில் எதைச் சேர்ந்து வாசிக்கலாம். இவற்றுக்கு விடை கிடைத்தால் திட்டத்தைத் தேர்வதில் பெரிய சிக்கல் இல்லை.

நான் இறையியலை முறையாகப் படித்தவன். கடலூரிலும் புதுச்சேரியிலும் கத்தோலிக்கர், லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபையினர் எனப் பலரும் கலந்து அமரும் வாசிப்புக் குழுக்களைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். குருவானவரோ போதகரோ அல்ல. ஆகவே, வாசிக்கும் முறை பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். மனச்சாட்சி தொடர்பானதை உங்கள் சபைப் போதகரான ஐயரிடம் பேசுவதே முறை.

முதலில், ஏன் நிற்கிறது என்ற கேள்வி. இதற்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். உங்கள் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். 365 நாட்களில் முடிக்க நாளொன்றுக்கு மூன்று அதிகாரத்துக்குச் சற்று மேலே வாசிக்க வேண்டும். ஆதியாகமத்தின் 50 அதிகாரங்கள் கதையாக ஓடிவிடும். யாத்திராகமத்தில் செங்கடலும் சீனாய் மலையும் தாண்டி, ஜனவரி 23 வாக்கில் 25ஆம் அதிகாரத்துக்கு வருவீர்கள். அங்கே இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்குகின்றன. இடையில் பொன் கன்றுக்குட்டிச் சம்பவம் வந்துபோகும்; பிறகு 35 முதல் 40 வரை அதே கூடாரம் திரும்பவும் வரும். ஜனவரி 28 வாக்கில் மூன்றாம் புத்தகமான லேவியராகமம்: பலிகள், குஷ்டரோகச் சட்டங்கள், தீட்டுகள். பிப்ரவரி முதல் வாரம் எண்ணாகமத்தின் கோத்திரக் கணக்கெடுப்பு. மனம் எதையும் பற்றிக்கொள்ள முடியாத இந்த மூன்று வாரத்துக்குள் உங்களுக்கு ஓர் இரவு ஷிப்ட் வாரம் கட்டாயம் வரும். அந்த ஏழு நாள் விட்டுப்போனால் இருபத்து மூன்று அதிகாரம் பாக்கி விழும். அந்தப் பாக்கியை அடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, பாதியில் எழுந்து, பிறகு புத்தகத்தைத் தொடவே தயங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இதில் பக்திக் குறைவு எதுவும் இல்லை. ஷிப்டில் வேலை செய்கிற ஒருவரைக் கணக்கில் வைக்காமல் போட்ட அட்டவணை அது.

ஆண்டுத் திட்டங்களிலேயே புகழ்பெற்றது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்சேன் 1842 கடைசியில் தம் சபையாருக்காக எழுதியது. நாளொன்றுக்கு நான்கு இடங்களில் ஒவ்வோர் அதிகாரம். ஓர் ஆண்டில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறை முடியும். ஜனவரி முதல் தேதி ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நடபடிகள் ஆகிய நான்கின் முதல் அதிகாரங்கள். ஒரு பகுதி வறண்டிருந்தாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்பதால் லேவியராகமச் சிக்கல் இதில் பாதி தீர்ந்துவிடுகிறது. ஆனால் அவர் அந்தத் திட்டத்தோடு சேர்த்து எழுதிய எச்சரிக்கைகளைப் பலர் கவனிப்பதில்லை. சடங்காகிப்போகும், முடித்துவிட்டோம் என்ற தற்பெருமை வரும், கவனமில்லாமல் வாசிக்கத் தூண்டும், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகும் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1843 மார்ச்சில், 29 வயதில், அந்தத் திட்டத்தின் முதல் ஆண்டு முடிவதற்குள்ளாகவே அவர் காலமானார். நாள் தவறியதற்காக வருந்துகிற எல்லோரிடமும் நான் இதைச் சொல்வதுண்டு. இந்தத் திட்டம் அருமையானது. நிலையான நேரமும் ஏற்கெனவே வாசித்த பழக்கமும் இருப்பவர்களுக்கு ஏற்றது. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

கால வரிசைத் திட்டங்களையும் குறிப்பிட்டிருந்தீர்கள். நிகழ்ச்சிகள் நடந்த வரிசையில் வாசிப்பது என்ற எண்ணம் நல்லதுதான். இராஜாக்களின் காலத்தை அந்தந்தத் தீர்க்கதரிசிகளோடு சேர்த்துப் படிக்கும்போது பல விஷயங்கள் விளங்கும். ஆனால் அந்த அட்டவணைகள் உறுதியானதையும் ஊகத்தையும் ஒரே தொனியில் தருகின்றன. ஆகாய் தீர்க்கதரிசி பேசியது தரியு அரசனின் இரண்டாம் ஆண்டு, கி.மு. 520 என்பது அந்தப் புத்தகத்திலிருந்தே தெரிகிறது. ஆமோசும் ஓசியாவும் கி.மு. எட்டாம் நூற்றாண்டு என்பதிலும் பெரிய சர்ச்சை இல்லை. யோபு புத்தகம் எந்தக் காலத்தது என்பதில் அறிஞர்களிடையே பல நூற்றாண்டு வித்தியாசம் உண்டு. பல அட்டவணைகள் அதை ஆதியாகமத்தின் நடுவில் செருகிவிடுகின்றன. பல சங்கீதங்களை தாவீதின் வாழ்க்கையில் இன்ன நாளுக்கு என்று பொருத்துவதும் அப்படித்தான். ஓரளவு வாசித்த பிறகு, ஊகம் ஊகம்தான் என்று தெரிந்துகொண்டு, இதைக் கையில் எடுங்கள்.

இனி உங்கள் மனைவியின் வீட்டிலிருந்து வரும் முறை. கத்தோலிக்கத் திருப்பலி வாசகங்கள் 1969 முதல் ஓர் ஒழுங்கில் உள்ளன. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி: ஏ ஆண்டு மத்தேயு, பி ஆண்டு மாற்கு, சி ஆண்டு லூக்கா. மூன்றால் மீதமின்றி வகுபடும் ஆண்டு சி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். வழிபாட்டு ஆண்டு மட்டும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்திலேயே தொடங்கிவிடும். திருவருகை, தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத பொதுக்காலத்தின் வார நாட்களில் முதல் வாசகம் இரண்டாண்டுச் சுழற்சி. நற்செய்தி எல்லா ஆண்டும் ஒன்றே. பொதுக்காலத்தில் முதல் ஒன்பது வாரம் மாற்கு, பத்திலிருந்து இருபத்தொன்று வரை மத்தேயு, அதற்குப்பின் லூக்கா. ஒரு நாளின் நற்செய்திப் பகுதியைச் சத்தமாக வாசிக்க இரண்டு மூன்று நிமிடம் போதும்.

இந்த முறையின் பெரிய பலம், பகுதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பதுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை; அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரின் தெருக்களுக்குள் வந்தது. மறுநாள் டிசம்பர் 1 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கென்று பல ஆண்டுகளுக்கு முன்பே குறித்துவைக்கப்பட்டிருந்த நற்செய்தி லூக்கா 21ஆம் அதிகாரம்: கடலின் இரைச்சலாலும் அலைகளாலும் மக்கள் கலங்குவார்கள், அப்போது தலைநிமிர்ந்து நில்லுங்கள் என்கிற பகுதி. மின்சாரம் இல்லாத வீடுகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதை வாசித்தவர்கள் இருக்கிறார்கள். நமக்குப் பிடித்த வசனங்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால் அந்த நாளில் அந்தப் பகுதிக்கு யார் போயிருப்போம்? புயல் வந்ததற்கு அந்த வசனம்தான் காரணம் என்றோ, அது முன்னறிவிப்பு என்றோ நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். திருச்சபையோடு சேர்ந்து வாசிக்கும்போது, நாம் தேடிப் போகாத வார்த்தையும் நம் வீட்டுக்குள் வருகிறது.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதி இதில் வந்துவிடும். பழைய ஏற்பாட்டில் சிறு பகுதியே வரும். கடினமான இடங்கள் தாண்டப்படுகின்றன. குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை ஜெபத்திலும் 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களும் அவற்றின் சாப வார்த்தைகளுக்காக முழுவதுமாகவே விடப்பட்டிருக்கின்றன. வாசகங்களை மட்டும் பின்பற்றுகிறவர், கோபத்தோடு ஜெபித்த மனிதர்களும் வேதத்தில் இருக்கிறார்கள் என்பதை அறியாமலே போகலாம். உங்கள் வீட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று முதல் வாசகம் தானியேல் 13, சூசன்னாவின் வழக்கு. மனைவி அதைத் தேடச் சொல்வார். உங்கள் வேதாகமத்தில் தானியேல் 12ஆம் அதிகாரத்தோடு முடிந்திருக்கும். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆக ஏழு நூல்களும், எஸ்தரிலும் தானியேலிலும் உள்ள கூடுதல் பகுதிகளும் கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு. அவற்றின் தகுதி பற்றி இரண்டு சபைகளும் வேறுபடுவது உண்மை. அதை இரவுச் சாப்பாட்டுக்கு முன் உங்கள் மேசையில் தீர்க்க முடியாது. உங்கள் சபையின் பெயருக்குக் காரணமான மார்ட்டின் லுத்தரே அவற்றைத் தம் ஜெர்மன் வேதாகமத்தில், வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்கப் பயனுள்ளவை என்ற குறிப்போடு தனியாக அச்சிட்டார். ஆகவே ஒரு லுத்தரன் அவற்றைக் காதால் கேட்பதில் தடை எதுவும் இல்லை.

எல்லாம் சொன்னபின், உங்கள் வீட்டுக்கு என் பரிந்துரை இது. தேதியில்லாத திட்டம் ஒன்று உங்களுக்கு, அன்றைய நற்செய்தி மட்டும் குடும்பத்துக்கு. தேதியில்லாத திட்டம் என்றால், ஒரு புத்தகத்தை எடுத்து, ஒரு சீட்டை வைத்து, அடுத்த முறை சீட்டு இருக்கும் இடத்திலிருந்து தொடர்வது, அவ்வளவுதான். பாக்கி என்ற ஒன்றே இதில் கிடையாது. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் சரியாக 52 வாரம். மீதி இரண்டு நாள் உங்கள் ஷிப்ட் மாறும் நாட்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்குவில் தொடங்குங்கள், பதினாறே அதிகாரம், நடையும் வேகமானது.

மெதுவாக வாசிப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். மாற்கு நான்காம் அதிகாரத்தின் கடைசியில் இயேசு படவில் தூங்குகிற இடத்தைப் பாருங்கள். தேவனாம்பட்டினத்துக் குழு ஒன்றில் இதை வாசித்தபோது, மீனவக் குடும்பத்துப் பாட்டி ஒருவர் வாசிப்பை நிறுத்தச் சொன்னார். "கூட வேறு படவுகளும் இருந்தன என்று வாசித்தீர்களே, புயலில் அவை என்ன ஆயின?" என்று கேட்டார். நாங்கள் யாரும் அந்த வரியைக் கவனித்ததே இல்லை. அதே சம்பவம் மத்தேயு எட்டிலும் லூக்கா எட்டிலும் இருக்கிறது. அங்கே அந்த மற்றப் படவுகள் இல்லை. படவின் பின்பகுதியில் தலைக்கு வைத்திருந்த தலையணையும் மாற்குவில் மட்டுமே உண்டு. அந்தப் படவுகள் என்ன ஆயின என்று மாற்கு சொல்லவில்லை, என்னாலும் அந்தப் பாட்டிக்குச் சொல்ல முடியவில்லை. அவர் மட்டும், காற்று ஓய்ந்தால் எல்லாப் படவுக்கும்தானே ஓயும் என்று தானே சொல்லிக்கொண்டார். நாளுக்கு மூன்று அதிகாரம் ஓடுகிறவர் கண்ணில் அந்த வரி பட வாய்ப்பு குறைவு.

நேரத்தைப் பற்றி. அதிகாலையில் எழுந்து வாசியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவரிடம் அதைச் சொல்வதில் பொருளில்லை. கடிகாரத்தோடு கட்டாமல், எந்த ஷிப்டிலும் மாறாத ஒரு செயலோடு கட்டுங்கள். வேலையிலிருந்து வந்து குளித்து, சாப்பிட உட்காரும் முன் என்று வைத்தால் அது எல்லா வாரத்திலும் இருக்கும். இரவு ஷிப்ட் வாரத்தில் அதிகாரம் வேண்டாம். சங்கீதம் ஒன்று போதும். 134ஆம் சங்கீதம் மூன்றே வசனம், இராக்காலத்தில் ஆலயத்தில் விழித்து நிற்கும் ஊழியக்காரரை நோக்கிப் பாடியது. இரவில் விழித்து வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான். 119ஆவது சங்கீதம் மட்டும் 176 வசனம். எட்டெட்டு வசனமாக இருபத்திரண்டு பிரிவாகவே அமைந்திருப்பதால் நாளுக்கு ஒரு பிரிவாக வாசிக்கலாம்.

செல்போனா புத்தகமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: கம்பெனி பஸ்ஸில் கேட்பதற்குச் செல்போன் நல்லது, வீட்டில் புத்தகம். தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் வசதி செயலியில் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். உங்களைப் போன்றவர்களை அது ஊக்குவிப்பதைவிட வருத்துவதே அதிகம். இத்தனை நாள் செய்தால் பழக்கம் நிலைத்துவிடும் என்று சொல்லப்படும் எண்களையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும், புத்தாண்டுக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வசனம் வரும் முழு அதிகாரத்தையும் ஜனவரியிலேயே ஒருமுறை வாசித்துவிடுங்கள். பல அட்டைகளில் இருக்கும் எரேமியா 29:11, எழுபது ஆண்டு பாபிலோனில் இருக்கப்போகிறவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுவில் வருகிறது. அது தெரிந்தால் அந்த வாக்குறுதியின் கனம் கூடும்.

மகளோடு வாசிக்க 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பையே பரிந்துரைக்கிறேன். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தடுக்காமல் வாசிக்கும். நீங்கள் மனப்பாடம் செய்து வளர்ந்த பழைய மொழிபெயர்ப்பை உங்கள் தனி வாசிப்பில் கைவிட வேண்டாம். நெஞ்சில் பதிந்த வசனங்களை மாற்ற எந்த அவசியமும் இல்லை. நற்செய்தியை மகள் வாசிக்கட்டும், பெரியவர்கள் கேளுங்கள். கேள்வி கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். விடுமுறையில் ரூத்தையும் யோனாவையும் நான்கு நான்கு மாலைகளில் அவளோடு முடிக்கலாம்.

குற்ற உணர்ச்சி பற்றி ஒன்றுதான் என்னால் சொல்ல முடியும். நாளுக்கு இத்தனை அதிகாரம் என்ற கட்டளை வேதத்தில் எங்கும் இல்லை. அதிகாரப் பிரிப்பே பதின்மூன்றாம் நூற்றாண்டில், கான்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டன் காலத்தில் வந்தது. வசன எண்கள் பதினாறாம் நூற்றாண்டில் நிலைபெற்றவை. இதைச் சொன்ன பிறகும் அந்த உணர்ச்சி நீங்காமல் உறுத்தினால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். உங்கள் ஐயரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

மாற்குவின் கடைசிக்கு வரும்போது 16:8க்குப் பின் வரும் வசனங்கள் பற்றி அடிக்குறிப்பு இருக்கலாம். மிகப் பழைய முழுமையான இரண்டு கையெழுத்துப் பிரதிகளிலும் அவை இல்லை என்பது உறுதி. மாற்கு அங்கேயே முடித்தாரா, முடிவு தொலைந்ததா என்பது இன்றும் தீராத கேள்வி. அதற்காகத் தயங்க வேண்டாம், தொடர்ந்து போங்கள். மாற்குவுக்குப் பின் லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும். இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதால் சேர்த்து வாசிப்பது நல்லது. பிறகு ஆதியாகமம் முழுவதும், யாத்திராகமம் 20 வரை. அங்கே நிறுத்திவிட்டு எபிரெயருக்கு எழுதின நிருபத்துக்குப் போங்கள். அதன் ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்த அன்றோ மறுநாளோ லேவியராகமம் 16ஐ எடுங்கள்: ஆண்டுக்கு ஒருமுறை பிரதான ஆசாரியர் தனியாகத் திரைக்குள் போகும் நாள், இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள், சீட்டுப் போடுவது, ஒன்றை வனாந்தரத்துக்கு அனுப்புவது. எபிரெயர் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது என்பது அப்போது தெரியும். அதற்குப் பிறகு லேவியராகமத்தின் மற்ற அதிகாரங்களுக்குள் போகலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.